சூரிய ஒளியால் நீரைச் சுத்திகரித்தல்: புதிய விஞ்ஞானமும் நமது பீலித் தண்ணீரும்

மண்சரிவினாலோ வெள்ளத்தினாலோ வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய குடும்பத்திற்கு முதலில் கூரை வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் கூரை வருவதற்கு முன்பே, முதல் நாள் மாலையிலேயே, பிள்ளைக்குக் கொடுக்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் பதுளை மாவட்டத்தின் பல மலைகள் சரிந்தபோதும் நாம் கண்டது இதுவே. மண்ணோடு பீலியும் போய்விடுகிறது, குழாய் உடைகிறது, ஊற்று கலங்கிப் போகிறது, கிணற்றில் கழிவு நீர் கலக்கிறது. வேறு விதமாகவும் தண்ணீர் போவதுண்டு. உமா ஓயா திட்டத்திற்காகச் சுரங்கம் தோண்டிய காலத்தில், 2014ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதையும், 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்நிலையில் புதிய தண்ணீர்க் கருவிகளைப் பற்றிய பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. "நனோ" என்ற சொல்லை ஒட்டிய வடிகட்டிகள் விளம்பரமாகின்றன. உலோக நனோத் துணிக்கைகளையும் வெயிலையும் கொண்டு நீரிலுள்ள நஞ்சை அழிக்கலாம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இதில் உண்மை எவ்வளவு? இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்திற்கு இதனால் இன்று பயன் உண்டா? கையிலிருக்கும் சிறு பணத்தையோ, சங்கத்திற்குக் கிடைத்த உதவிப் பணத்தையோ இதில் போடலாமா? இக்கேள்விகளுக்கு விளக்கம் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது தண்ணீரில் கலந்திருப்பது என்ன?

"அசுத்தத் தண்ணீர்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அசுத்தம் நான்கு வகைப்படும். இவற்றைப் பிரித்து அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது கலங்கல். மழைக்குப் பின் ஊற்றில் வரும் மண்ணும் இலைத்தூளும் இவ்வகை. இது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது நோய்க்கிருமிகள். மலசலகூடத்திலிருந்தும் மாட்டுப்பட்டியிலிருந்தும் வருபவை. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி போன்றவற்றைக் கொண்டுவருபவை இவையே. முகாம்களில் குழந்தைகளை விரைவில் வீழ்த்துவதும் இதுதான்.

மூன்றாவது பூச்சிமருந்து, களைநாசினி போன்ற சேதன இரசாயனங்கள். மேலே மலையில் உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் போஞ்சிக்கும் அடித்த மருந்து, மழையோடு கீழேயுள்ள ஓடைக்கு இறங்குகிறது. தேயிலை மலைக்கு அடித்த களைநாசினியும் அப்படியே.

நான்காவது கரைந்திருக்கும் உப்புகளும் உலோகங்களும். பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று, நிலத்தடிப் பாறையிலிருந்து வரும் புளோரைட்டு, தண்ணீரின் கடினத்தன்மை ஆகியவை இதில் அடங்கும்.

ஒரு வகைக்கு ஏற்ற மருந்து மற்றொரு வகைக்கு ஆகாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. உண்மையில் நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். துணியில் வடித்தால் கலங்கல் குறையும். பூச்சிமருந்து அப்படியே இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய விஞ்ஞானத்தைப் பார்ப்போம்.

ஒளியூக்கி என்பது என்ன?

ஊக்கி என்பது, தான் செலவழிந்து போகாமல் ஒரு இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள் என்று பாடசாலையில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒளி விழுந்தால் மாத்திரம் வேலை செய்யும் ஊக்கியே ஒளியூக்கி. இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. இது நமக்குப் புதிய பொருளல்ல. சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்ற்றில் வெண்மையைத் தருவது இந்தத் தூள்தான்.

1972ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளான அகிரா புஜிஷிமா, கெனிச்சி ஹொண்டா ஆகியோர், நீருக்குள் வைத்த தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மீது ஒளி விழும்போது நீர் பிரிகிறது என்பதை உலகிற்கு அறிவித்தார்கள். 1977இல் பிராங்க், பார்ட் என்ற இருவர் இதே தூளைக் கொண்டு நீரிலுள்ள சயனைட்டு நஞ்சை மாற்றலாம் என்று காட்டினார்கள். 1985இல் ஜப்பானில் மட்சுனாகா குழுவினர், பிளாற்றினம் ஏற்றிய தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் கொண்டு கிருமிகளைக் கொன்றார்கள்.

இது நடப்பது எப்படி? வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர் ஒரு சிறு பங்கு உண்டு. அக்கதிர் இத்தூளின் மீது விழும்போது, அதற்குள் அமைதியாக இருந்த ஓர் இலத்திரன் தன் இடத்தை விட்டுத் துள்ளி எழுகிறது. அது இருந்த இடம் ஒரு வெற்றிடமாகிறது. துள்ளிய இலத்திரன் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைப் பற்றிக்கொள்கிறது. வெற்றிடமோ நீர் மூலக்கூறிலிருந்து ஓர் இலத்திரனைப் பறித்துக்கொள்கிறது. இவ்விரண்டினாலும் ஐதரொட்சில் மூலிகம் முதலிய மிகத் தீவிரமான துணிக்கைகள் உண்டாகின்றன. இவற்றின் ஆயுள் கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகமிகக் குறைவு. ஆனால் அந்த நேரத்திற்குள் அருகிலிருக்கும் பூச்சிமருந்து மூலக்கூறையோ கிருமியின் தோலையோ தாக்கி உடைத்துவிடும். இத்தாக்குதல் இறுதிவரை நடந்தால், பூச்சிமருந்து படிப்படியாகச் சிதைந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் சிறிதளவு உப்பாகவும் முடியும்.

வடிகட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். வடிகட்டி நஞ்சைப் பிடித்து வைக்கிறது. நிறைந்ததும் அதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வருகிறது. ஒளியூக்கியோ நஞ்சை உடைத்து இல்லாமற் செய்கிறது.

நனோத் துணிக்கை எதற்கு?

ஒரு மில்லிமீற்றரை பத்து இலட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். 1 தொடக்கம் 100 நனோமீற்றர் வரையான துணிக்கைகளையே நனோத் துணிக்கை என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு சிறிதாக்க வேண்டும்? முழு மரக்கட்டை அடுப்பில் மெதுவாகப் பிடிக்கும். அதையே சிராய்களாகப் பிளந்து போட்டால் உடனே பற்றிக்கொள்ளும். வெளிப்பரப்பு கூடுவதே காரணம். ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூள் ஒன்றில், ஒரு கிராமின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 50 சதுர மீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக்காம்பரா நான்கின் தரைக்கும் மேலான பரப்பு, ஒரு சிட்டிகைத் தூளில் அடங்கிவிடுகிறது. தாக்கம் நடப்பது வெளிப்பரப்பில்தான் என்பதால் சிறிதாக்கச் சிறிதாக்க வேலை கூடுகிறது.

ஆனால் இத்தூளுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, துள்ளிய இலத்திரன் வேலை செய்யுமுன் பெரும்பாலும் தன் பழைய வெற்றிடத்திலேயே விழுந்துவிடுகிறது. இரண்டாவது, பூமிக்கு வரும் வெயிலில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு மாத்திரமே கழியூதாக் கதிர். மீதி ஒளியைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு பயன்படுத்துவதில்லை.

இங்கேதான் வெள்ளி, பொன், பிளாற்றினம் போன்ற உலோகங்களின் நனோத் துணிக்கைகள் உதவிக்கு வருகின்றன. தூளின் மீது வெள்ளிப் பொட்டுகளை ஒட்டவைத்தால், துள்ளிய இலத்திரன் அந்தப் பொட்டுக்குள் போய்ச் சேர்கிறது. வாய்க்காலில் ஓடிப்போகும் நீரை மடை கட்டி வயலுக்குத் திருப்புவது போன்றது இது. இலத்திரன் திரும்பி விழுவது குறைகிறது, வேலை கூடுகிறது. அத்துடன் பொன், வெள்ளி நனோத் துணிக்கைகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சக்கூடியவை. வெயிலில் பாதிக்குக் கிட்டிய பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியாகையால், விஞ்ஞானிகள் இதில் அதிக அக்கறை காட்டுகிறார்கள். இவற்றுக்கு மேலாக வெள்ளிக்குத் தானாகவே கிருமியைக் கொல்லும் குணமும் உண்டு.

உலகில் எங்கே பயன்படுகிறது?

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா மாகாணம் வெயிலுக்கும், பிளாஸ்டிக் கூடாரங்களின் கீழ் நடக்கும் மரக்கறிச் செய்கைக்கும் பெயர் போனது. அங்கே பூச்சிமருந்து அடித்து முடிந்த வெற்றுப் போத்தல்கள் மலையாகக் குவிந்தன. அவற்றைச் சேகரித்து, நொறுக்கி, கழுவி, மறுபடி பிளாஸ்டிக்காகப் பயன்படுத்த ஒரு நிலையம் 2004இல் தொடங்கப்பட்டது. கழுவிய நீர் முழுவதும் பூச்சிமருந்து. அந்நீரைக் கண்ணாடிக் குழாய்களில் ஓடவிட்டு, இரும்பு உப்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் கலந்து, வெயிலால் சுத்திகரித்தார்கள். இங்கு ஊக்கியாக இருந்தது விலையுயர்ந்த பொன்னல்ல, மலிவான இரும்பு. அத்துடன், வீட்டுக்கு வீடு கருவி வைக்காமல், நஞ்சு செறிந்திருக்கும் ஒரே இடத்தில் அதைப் பிடித்து அழித்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மற்றைய உதாரணம் நமக்கு அருகில், சென்னையில் உள்ளது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பிரதீப்பும் அவரது மாணவர்களும், வெள்ளி, பொன் நனோத் துணிக்கைகள் என்டோசல்பான், மலத்தியன், குளோர்பைரிபொஸ் போன்ற பூச்சிமருந்துகளை நீரிலிருந்து அகற்றுவதைக் கண்டறிந்தார்கள். 2003இல் இந்தியாவில் போத்தல் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து இருப்பதை டில்லியிலுள்ள விஞ்ஞானத்திற்கும் சூழலுக்குமான நிலையம் வெளிப்படுத்தியபோது நாடே அதிர்ந்தது. அதன் பின் 2007இல் பிரதீப் குழுவினரின் முறையைக் கொண்ட வீட்டு வடிகட்டி விற்பனைக்கு வந்தது. ஆசனிக்கு என்ற நஞ்சை அகற்றும் மலிவான இரும்பு நனோ வடிகட்டியையும் இவர்கள் பின்னர் உருவாக்கினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இவ்வடிகட்டிகள் வெயிலால் வேலை செய்பவை அல்ல. நனோ என்றால் ஒளியூக்கி என்பதில்லை; ஒளியூக்கி என்றால் வடிகட்டி என்பதுமில்லை.

நமது பீலிக்கு ஏன் இன்னும் வரவில்லை?

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்தும் ஒளியூக்கி முறை கிராமத்துக் குடிநீரில் பரவவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, கலங்கல் நீரில் ஒளி உள்ளே போகாது. மண்சரிவுக்குப் பின்னர் வரும் நீரில் இம்முறை தோற்றுவிடும்.

இரண்டு, வெயில் வேண்டும். ஊவாவில் ஆடி ஆவணியில் கச்சான் காற்றோடு நல்ல வெயில் உண்டு. ஆனால் ஐப்பசி தொடக்கம் தை வரை மழையும் மூடுபனியும். மண் சரிவதும் மக்கள் முகாமுக்கு வருவதும் பெரும்பாலும் அக்காலத்தில்தான்.

மூன்று, நீரில் கலந்த நனோத் தூளைத் திரும்ப எடுப்பது கடினம். எடுக்காமல் குடிக்கக் கூடாது. தைத்தேனியம் ஈரொட்சைட்டை உணவில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது. அதனால் தூளைக் கண்ணாடியிலோ மணியிலோ ஒட்டவைக்கிறார்கள். அப்போது வெளிப்பரப்பும் வேகமும் குறைகின்றன.

நான்கு, தாக்கம் பாதியில் நின்றால் பூச்சிமருந்து முற்றாக அழியாமல் வேறொரு பொருளாக நிற்கும். அது முந்தியதிலும் தீயதாக இருக்கவும் கூடும். ஆய்வுகூடத்தில் அளந்து பாராமல் கண்ணால் இதை அறிய முடியாது.

ஐந்து, நைத்திரேற்று, புளோரைட்டு, கடினத்தன்மை ஆகியவற்றை இம்முறை அகற்றாது. நமது மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதியில் சிறுநீரக நோய் பல விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. அந்நோய்க்கு இக்கருவி தீர்வு என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதனால் இவ்விஞ்ஞானம் வீண் என்று சொல்லவில்லை. தைத்தேனியத்தின் மூலப்பொருளான இல்மனைற்று மணல் நமது நாட்டின் புல்மோட்டைக் கடற்கரையில் குவிந்திருக்கிறது. அதை அகழ்ந்து பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்து வந்திருக்கிறோம். 2008இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனமும் நம்மிடம் உண்டு. நமது பிள்ளைகளில் ஒருவர் ஒருநாள் அந்த மணலைக் கொண்டே நமது ஓடையைச் சுத்திகரிக்கலாம். அதற்கு அப்பிள்ளை விஞ்ஞானம் படிக்க வேண்டும். வயிற்றோட்டத்தால் பாடசாலையைத் தவறவிடாமல் இருக்கவும் வேண்டும்.

இன்று நாம் செய்யக்கூடியவை

வெயிலால் நீரைச் சுத்திகரிக்கும் எளிய முறை ஒன்று ஏற்கனவே உண்டு. அதற்கு நனோவும் வேண்டாம், பணமும் வேண்டாம். லெபனானில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அப்டிம் அக்ராவும் குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். 1984இல் யுனிசெப் இதனை ஒரு கைந்நூலாக வெளியிட்டது. 1991 தொடக்கம் சுவிற்சர்லாந்தின் நீர் ஆராய்ச்சி நிறுவனம் இதை மேலும் சோதித்து உலகெங்கும் பரப்பியது. செய்முறை இதுதான்:

1. நிறமற்ற, கீறல் விழாத, 2 லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்டிக் சோடாப் போத்தலை எடுத்து நன்றாகக் கழுவுங்கள்.

2. நீரைத் தெளியவைத்து, மடித்த துணியால் வடித்து ஊற்றுங்கள். நிரம்பிய போத்தலைப் பத்திரிகையின் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய்ப்பக்கத்திலிருந்து கீழே பாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் நீர் கலங்கல், இம்முறை வேண்டாம்.

3. மூடியை இறுக்கி, தகரத்தின் மேல் படுக்கவைத்து, நல்ல வெயிலில் 6 மணித்தியாலம் விடுங்கள். வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் அடுத்தடுத்து 2 நாட்கள் விடுங்கள். தொடர்மழை நாளில் இம்முறையை நம்ப வேண்டாம், கொதிக்கவையுங்கள்.

4. அதே போத்தலிலிருந்தே குடியுங்கள். வேறு பாத்திரத்திற்கு மாற்றினால் கை பட்டு மறுபடி கிருமி சேரும்.

இது கிருமிக்கு மட்டுமே, பூச்சிமருந்துக்கல்ல. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொலிவியா நாட்டின் கிராமங்களில் இம்முறையைப் பரப்பி ஆராய்ந்தபோது, பிள்ளைகளின் வயிற்றோட்டம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2009இல் அறிக்கை வந்தது. மூன்றில் ஒரு பங்கினரே ஒழுங்காகச் செய்துவந்தார்கள். சில நாள் செய்து சில நாள் விட்டால் பயனில்லை என்பதே இதன் பாடம்.

கொதிக்கவைப்பதானால், நீர் குமிழியிட்டுப் புரண்டு கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் விறகை வீணாக்க வேண்டாம். முகாமின் பொதுத் தாங்கிக்குக் குளோரீனே சிறந்தது. அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் சேர்த்து, அரை மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். தாங்கியிலும் குழாயிலும் பின்னர் சேரும் கிருமியையும் அது கொல்லும். வெயிலுக்கும் கொதிக்கவைப்பதற்கும் அந்தச் சக்தி இல்லை.

பூச்சிமருந்துக்கோ, வருமுன் காப்பதே நமக்குள்ள வழி. மருந்துக் கலனைக் கழுவிக் குடிநீர் கொண்டுவரப் பயன்படுத்தும் வழக்கம் இடம்பெயர்ந்த இடங்களில் இன்னும் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அது ஆகாது. கலனைத் துளையிட்டு வைத்தால் எவரும் எடுக்க மாட்டார்கள். மருந்துப் போத்தலை மூன்று முறை அலசி, அந்நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றிப் பயிருக்கு அடியுங்கள். பீலிக்கரையில் தெளிகருவியைக் கழுவாதீர்கள். ஊற்றுக்கு மேலே உள்ள நிலத்தில் மருந்து அடிக்காமல் மரமும் புல்லும் விட்டுவைக்கும்படி தோட்ட நிர்வாகத்திடமும் அயல் விவசாயிகளிடமும் ஒன்றுசேர்ந்து பேசுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

"நனோ" கருவியோடு எவரேனும் உங்கள் முகாமுக்கோ சங்கத்திற்கோ வந்தால் இவற்றைக் கேளுங்கள்: கிருமி, பூச்சிமருந்து, நைத்திரேற்று, புளோரைட்டு ஆகியவற்றுள் இது எதை அகற்றும்? எந்த ஆய்வுகூடம் சோதித்தது, சோதனைத் தாள் எங்கே? எத்தனை லீற்றருக்குப் பின் உள்ளுறுப்பை மாற்ற வேண்டும், அதன் விலை என்ன, பதுளையில் கிடைக்குமா? கலங்கல் நீரிலும் மழை நாளிலும் வேலை செய்யுமா? உலோகம் நீரில் கசியுமா? பழுதானால் யார் வருவார்? ஒரு கேள்விக்காவது நேரான பதில் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அதற்கு முன் செய்யவேண்டிய ஒன்றும் உண்டு. உங்கள் நீரில் எது இருக்கிறது என்று அறியாமல் எந்தக் கருவியும் வாங்குவதில் பொருளில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஊற்று நீரைச் சோதித்துத் தரும்படி கேளுங்கள். மீள்குடியேற்றத்திற்குக் காணி காட்டும்போது, மண் உறுதியா என்று கேட்பதோடு, தண்ணீர் எங்கிருந்து வரும், சோதித்தீர்களா என்றும் கேளுங்கள். கையெழுத்து இடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

இது பிச்சை கேட்பதல்ல. பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலிலும் இதே கருத்தை வலியுறுத்தி, ஏழைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்காமற் போவது அவர்களுடைய வாழ்வுரிமையை மறுப்பதாகும் என்று போதித்தார். புதிய விஞ்ஞானத்தை வரவேற்போம், அது எதைச் செய்யும் எதைச் செய்யாது என்பதை அறிந்து வரவேற்போம். அது வந்து சேரும்வரை, வெயில் உள்ள நாளில் போத்தலைத் தகரத்தில் வையுங்கள். மழை நாளில் அடுப்பில் வையுங்கள். ஊற்றைச் சேர்ந்து காவுங்கள்.